லோர்னா வைத்த ரயில்வே கேட்

என் அப்பா ஹெட்லிக்கும் பக்கத்து வீட்டு லோர்னாவுக்கும் இடையில் சண்டை மூட்டியது ஒரு குப்பைத் தொட்டி. இங்கிலாந்தில், எங்கள் டார்லிங்டனில் எல்லார் வீட்டுக் கொல்லையிலும் நிற்கிற, சக்கரம் வைத்த, கறுப்பு மூடி போட்ட அதே தொட்டிதான். அதை இழுக்கிற ஆள்தான் வேறு எங்கும் கிடைக்காத சரக்கு.

எங்கள் தெருவில் வீடுகள் நான்கு நான்காக ஒட்டி நிற்கும். ஓரத்து வீடு லோர்னாவுடையது, அதற்கு அடுத்தது எங்களுடையது. எங்கள் கொல்லையிலிருந்து தெருவுக்குப் போக ஒரே வழிதான். லோர்னாவின் பின்வாசலை உரசிக்கொண்டு போகிற நடைபாதையில் நடந்து, அவள் வீட்டுப் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வெளியேற வேண்டும். வீடு கட்டின காலத்திலேயே பத்திரத்தில் எழுதிவைத்துவிட்டார்கள். பாதைக்கு இந்தப் பக்கம் அவள் வாசல், அந்தப் பக்கம் அவள் தோட்டம். நடுவில் என் அப்பாவின் உரிமை.

லோர்னா வீட்டிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். முன்பு ஒரு டெலிபோன் கம்பெனியில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கக்கூசுக்குப் போகக்கூட அங்கே கையைத் தூக்கிக் கேட்க வேண்டுமாம். மகள் பிறந்த பிறகு ஒரு நாள் அதைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வந்தவள், திரும்பிப் போகவில்லை. பிள்ளை பார்க்கிற பயிற்சிக்குப் போனாள், அதற்கான அரசாங்கப் பதிவு வாங்கினாள். மகள் இப்போது வளர்ந்து விட்பியில் வேலைக்குப் போய்விட்டாள். வீடு மட்டும் காலியாகவில்லை. ஆஸ்பத்திரி நர்சின் பிள்ளை, பஸ் ஓட்டுகிறவளின் பிள்ளை, மாவு மில்லில் ஷிப்ட் பார்க்கிறவனின் இரட்டையர் என்று விடியும்போதே வாசலில் தள்ளுவண்டிகள் வரிசை கட்டிவிடும். மழையானாலும் பனியானாலும் பிள்ளைகள் தினம் தோட்டத்துக்குப் போயாக வேண்டும். அது அவள் சட்டம்.

வசந்த காலத்தில், பிள்ளை பார்க்கிற வீடுகளைச் சோதிக்கிற அரசாங்க ஆய்வாளர் வந்தார். லோர்னா அடுக்களையில் அவருடன் பேசிக்கொண்டே கதவு வழியாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அப்பா தன் தொட்டியை இழுத்துக்கொண்டு போனார். பக்கக் கதவைத் திறந்தது திறந்தபடியே விட்டார். கொஞ்ச நேரத்தில் தபால்காரப் பெண் ஒரு கையில் கடிதமும் மறு கையில் லோர்னா பார்த்துக்கொள்கிற மேபலுமாக முன்வாசல் மணியை அடித்தாள். மேபலுக்கு அப்போது இரண்டு வயதுகூட முடியவில்லை. தெரு ஓரத்தில் நின்று யாருடைய நாயிடமோ பேசிக்கொண்டிருந்தாளாம். கதவைத் திறந்தவர் ஆய்வாளர்.

இருப்பதிலேயே கடைசி மதிப்பெண் விழுந்தது. மறுபடி வருவோம், எந்த நாள் என்று சொல்ல மாட்டோம், அதற்குள் தோட்டம் சரியாகாவிட்டால் பதிவு ரத்து என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பதிவு போனால் லோர்னாவுக்கு வேலை போச்சு, அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் போச்சு.

அன்று இரவுச் சாப்பாட்டில் நான் அப்பாவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு கதவைச் சாத்திட்டு வர்றதுக்கு உங்களுக்கு என்னப்பா கேடு?"

"ரெண்டு கையிலயும் தொட்டி. மூணாவது கையில சாத்தணுமா?"

"அந்தப் பிள்ளை ரோட்டுல நின்னுச்சு."

"பிள்ளையைப் பார்த்துக்க வேண்டியது அவ. காசு வாங்கறது அவ. பாதை என்னோடது."

"உங்க பாதையைத் தூக்கிப் பரண்மேல போடுங்க."

"பத்திரத்துல இருக்கு. ஒரு நிமிஷம் என்னை நிறுத்தினாலும் அது தடைதான், கிளென்டா. ஒரு நிமிஷம்." இதைச் சொல்லிவிட்டு மீன் தோலை ஓரமாக ஒதுக்கி வைத்தார். ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும் அப்பாவோடு ஒரே வீட்டில் இருப்பவளுக்குத்தான் தெரியும், சில ராத்திரி தட்டை எங்கே எறியத் தோன்றும் என்று.

லோர்னா அழுதுகொண்டு உட்காரவில்லை. மறுநாளே மண்வெட்டியை எடுத்தாள். மீன் குட்டையைத் தூர்த்து மணல் நிரப்பினாள். ஊதாப் பூ பூக்கிற ஃபாக்ஸ்க்ளவ் செடிகளை வேரோடு பிடுங்கினாள், அதைத் தின்றால் இதயமே நின்றுபோகும். மழைநீர்ப் பீப்பாய்க்கு மூடி போட்டுப் பூட்டினாள். ரூபார்ப் செடியைக்கூட விடவில்லை, தண்டு பலகாரத்துக்கு ஆகும் என்றாலும் இலை விஷமாச்சே. பார்க்கிறவர்கள், தோட்டத்தை மொட்டை அடித்துவிட்டாளே என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எல்லாம் முடிந்த பிறகும் அந்தப் பக்கக் கதவு மட்டும் அவளைப் பார்த்துப் பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

முதலில் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போட்டாள். அப்பா தொட்டியோடு வந்து, தாழ்ப்பாளைத் தொடாமல், யாராவது வந்து திறக்கும்வரை கதவைத் தட்டிக்கொண்டே நின்றார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து ஓலமிட்டன. பிறகு தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வைத்தாள். அப்பா ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தார். கடைசியில் அவளே எங்கள் பின்வாசலுக்கு வந்தாள்.

"ஹெட்லி, உங்க தொட்டியை நானே ஒவ்வொரு தடவையும் தெருவுல வச்சுடறேன். திருப்பியும் கொண்டாந்து விடறேன். நீங்க சிரமப்பட வேணாம்."

"எனக்கு என்ன, காலா போச்சு? என் தொட்டியை நான்தான் இழுப்பேன்."

"சரி, கிளென்டா இழுக்கட்டும்."

"அவளும் தொடக்கூடாது. இந்த வீட்டுத் தொட்டி ஒரு தடவைகூட வண்டியைத் தவறவிட்டதில்ல. மத்தவங்க மாதிரி முந்தின ராத்திரியே ரோட்டுல வச்சு நாறடிச்சதும் இல்ல. வண்டிச் சத்தம் அடுத்த தெருவுல கேட்கும்போது நான் கிளம்புவேன். அதுதான் முறை."

லோர்னா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "பிள்ளைங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போறதும் என் முறை. அதையும் நான் விடப்போறதில்ல," என்றாள். குரல் உயரவில்லை. அவள் கோபம் எப்போதும் அப்படித்தான், கீழே போகும்.

எனக்கு அவமானமாக இருந்தது. அவள் வீட்டுக்குப் போய், "பேசாம பார்க்குக்குக் கூட்டிட்டுப் போயேன் பிள்ளைங்களை," என்றேன்.

"எதுக்கு? என் வீட்டுல தோட்டத்தை வச்சுக்கிட்டு நான் எதுக்குப் பார்க்குக்கு ஓடணும்? உங்கப்பாவுக்குப் பயந்தா?"

"அவர் மாறமாட்டாரு கண்ணு."

"மாற வேணாம். கதவு மாறட்டும்."

லோர்னா மகளைப் பார்க்க விட்பிக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழியில் ஒரு பழைய ரயில்வே கேட்டில் கார் நின்றது. மேலே தூக்குகிற கம்பம் இல்லை. வெள்ளை அடித்த, நடுவில் சிவப்பு வட்டம் போட்ட, பக்கவாட்டில் திரும்புகிற கதவுகள். ரோட்டுக்குக் குறுக்கே திரும்பினால் ரயிலுக்கு வழி. தண்டவாளத்துக்குக் குறுக்கே திரும்பினால் ரோட்டுக்கு வழி. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வழி கிடையாது. அவள் காரில் உட்கார்ந்தபடியே எனக்குப் போன் போட்டாள்.

"கிளென்டா, உங்கப்பா என்ன வேலை பார்த்தாரு?"

"தெரியாத மாதிரி கேக்கறே. கேட்கீப்பர். வாழ்நாள் பூரா."

"அதான்," என்று வைத்துவிட்டாள்.

அடுத்த வாரக் கடைசியில் பலகையும் கீலும் வந்து இறங்கின. லோர்னா யாரையும் கூப்பிடவில்லை, தானே அறுத்தாள், தானே குழி தோண்டித் தூண் நட்டாள். பாதையின் இரண்டு ஓரத்திலும் வேலி போட்டு, வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே இரண்டு கதவுகளை வைத்தாள். நீளவாக்கில் திருப்பினால் வாசலும் தோட்டமும் அடைபடும், பாதை தெருவரைக்கும் திறந்து கிடக்கும். குறுக்கே திருப்பினால் பாதை இரண்டு பக்கமும் அடைபடும், பிள்ளைகள் வாசலிலிருந்து தோட்டத்துக்கு நடந்து போகலாம். தெருக் கதவை அப்பா திறந்துவிட்டாலும் சரி, பிடுங்கி எறிந்தாலும் சரி, ஒரு பிள்ளையும் வெளியே போக முடியாது. வெள்ளை அடித்தாள். நடுவில் சிவப்பு வட்டமும் போட்டாள்.

அப்பா மாடி ஜன்னலிலிருந்து பார்த்தார். "பொம்மை வேலை," என்று சொல்லிவிட்டுத் திரையை இழுத்தார்.

அதன் பிறகு அவர் தொட்டியோடு வரும்போதெல்லாம் பாதை திறந்துதான் இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குப்பை வண்டி வருகிற செவ்வாய்க்கிழமை காலையில், வண்டி போகும்வரை லோர்னா பிள்ளைகளைத் தோட்டத்துக்கு விடமாட்டாள். வாசலை அடைத்த கேட்டுக்குப் பின்னால் வரிசையாக நின்று, "ரயில் வருது, ரயில் வருது," என்று அவை கத்தும். அப்பா நேரே பார்த்துக்கொண்டு போவார். எனக்கு ஒரு பயம் மட்டும் விடவில்லை. கேட் அவருக்கு எதிரே மூடியிருக்கிற நாள் ஒன்று வரும். ஒரு நிமிஷம் நிறுத்தினாலும் தடைதான் என்று சொன்ன மனிதர் அன்றைக்கு என்ன செய்வார்?

ஆகஸ்ட் கடைசியில் திங்கட்கிழமை பொது விடுமுறை வந்தது. விடுமுறை வந்தால் குப்பை வண்டி ஒரு நாள் தள்ளி வரும். இதை நகராட்சி வருஷா வருஷம் அச்சடித்துக் கொடுக்கிறது, வருஷா வருஷம் எங்கள் தெரு மறக்கிறது. யாராவது ஒருவர் பழக்கத்தில் செவ்வாய்க்கிழமை தொட்டியை வெளியே வைப்பார். அதைப் பார்த்து அடுத்தவர் வைப்பார். சாப்பாட்டு நேரத்துக்குள் தெரு முழுக்கத் தொட்டி அணிவகுப்பு. அந்த வருஷமும் அப்படியே நடந்தது. லோர்னாவும் தன்னுடையதை வைத்தாள், காலை முழுக்க அப்பாவுக்காகப் பாதையைத் திறந்தும் வைத்திருந்தாள். அவரும் தொட்டியோடு போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். குளிர்பெட்டிக் கதவில் நகராட்சி நாட்காட்டியை ஒட்டிவைத்திருக்கிற ஒரே ஆளான அப்பா ஜன்னலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டு மந்தை," என்றார்.

புதன்கிழமை காலை ஆய்வாளர் வந்து நின்றார், அதே அம்மா. நான் எங்கள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார், பீப்பாய் மூடியை இழுத்துப் பார்த்தார். பிறகு வாசற்படியில் நின்று, "பிள்ளைங்களை எப்படி வெளியே கொண்டு போறீங்கன்னு பார்க்கணும்," என்றார். லோர்னா கதவுகளைக் குறுக்கே திருப்பினாள். பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகக் கடந்தன. கடைசியாக வந்த மேபல் கயிற்றை விட்டுவிட்டாள். பாதையின் நடுவே ஒரு நத்தை.

அப்போதுதான் அடுத்த தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. எனக்குப் பின்னால் தொட்டியின் சக்கரங்கள் கடகடவென்று உருண்டன. துணியைக் கீழே போட்டுவிட்டு, "அப்பா, நில்லுங்க," என்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

கேட்டுக்கு முன்னால் போய் நின்றார். அந்தப் பக்கம் லோர்னா, கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

"மேபல், வா கண்ணு."

"அது தூங்குது," என்றாள் மேபல். குந்திக்கொண்டாள்.

வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பியது. லோர்னா அப்பாவைப் பார்த்தாள்.

"பிள்ளை இன்னும் கடக்கல, ஹெட்லி. நான் திறக்கமாட்டேன்."

அப்பா கதவின் சிவப்பு வட்டத்தைப் பார்த்தார். மேபலைப் பார்த்தார். ஒரு கையைத் தொட்டியிலிருந்து எடுத்தார். கதவைத் தள்ளப்போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் தொட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

வண்டி ஒவ்வொரு வீடாக நின்று தூக்கிக் கொட்டுகிற சத்தம் பக்கத்தில் வந்தது, எங்கள் வாசலுக்கு நேராக வந்தது, தாண்டிப் போனது. தெருமுனையில் திரும்பியது. அதற்குப் பிறகுதான் நத்தை தலையை நீட்டியது. மேபல் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல், தோட்டத்துக்குள் போனாள். லோர்னா கதவுகளைத் திருப்பினாள்.

ஆய்வாளருக்கு மனசு கேட்கவில்லை போலும். "உங்க வண்டி போயிடுச்சே. திறக்கச் சொல்லியிருக்கலாமே நீங்க," என்றார்.

"கேட் மூடியிருந்தா லண்டனுக்குப் போற வண்டியே நிக்கும், அம்மா," என்றார் அப்பா. "இது குப்பை."

தொட்டியைத் திருப்பிக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே நிறுத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை அவர் பார்த்திருந்தால் அதற்கும் ஒரு சண்டை போட்டிருப்பார்.

லோர்னாவின் பதிவு நிலைத்தது. தெருவில் தப்பான நாளில் தொட்டியை வைத்தவர்கள் எல்லாருடைய தொட்டியும் அன்றைக்குக் காலியானது. சரியான நாளைத் தெரிந்துவைத்திருந்த ஒரே மனிதருடையது மட்டும் மீன் தோலோடு நிறைந்து நின்றது, அடுத்த வண்டி வர இரண்டு வாரம் இருந்தது. மறுநாள் மாலை மாடி ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். லோர்னா எங்கள் தொட்டியின் மூடியைத் திறந்து, மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தன் தொட்டிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். என் பக்கத்தில் நின்று அப்பாவும் அதைப் பார்த்தார். என் தொட்டியை யாரும் தொடக்கூடாது என்று கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அந்தக் கீலுக்கு எண்ணெய் போடணும்னு அவகிட்ட சொல்லு. மழையில துரு ஏறிடும்," என்றார்.

"நீங்களே சொல்லுங்க," என்றேன்.

பிறகு எண்ணெய்ப் புட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.