மார்பில் கட்டிய மல்லிகை

கொழுந்தனின் மனைவிக்குக் குழந்தை பிறந்தபோது, எனக்குக் கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளை இல்லை. மாதவிலக்கும் நின்றுபோயிருந்தது. அவள் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்தாலே, நான் காப்பிக்கொட்டை காயும் களத்துக்குப் போய்விடுவேன். பார்க்கப் பொறுக்காது.

அவளுக்குப் பால் போதவில்லை. குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அந்த நாட்களில்தான் என் ரவிக்கை நனைய ஆரம்பித்தது. கருவே தரிக்காத எனக்குப் பால் வந்தது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. குழந்தையை இழந்தவர்களுக்குப் பால் வற்ற மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். நானும் கட்டிக்கொண்டேன்.

ரவிக்கைக்குள்ளிருந்து வாடிய பூ உதிர்ந்ததை ஒருநாள் அவள் பார்த்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"ஏனுங்கக்கா, பாலில்லாம நான் தவிக்கறேன், நீங்க வர்ற பாலப் பூ வெச்சு வத்த வெக்கறீங்களா? உங்களப் பாத்தா எனக்குத்தானுங்க நொம்பப் பொறாமையா இருக்குது!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளே என்னைப் பஸ்ஸில் சேலத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் அதிகமாம்; மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியில் சின்னக் கட்டியாம்.

"பால் சுரக்க வைக்கிறது அதுதாம்மா. அளவு மீறினா மாதவிலக்கு நின்னுடும், கரு தரிக்காது," என்றார் டாக்டர்.

மாத்திரையில் பால் நின்றது. மாதவிலக்கும் திரும்பியது. ஆனால் கரு தரிக்கவில்லை; அதற்குள் எனக்கு வயதாகிவிட்டது. அவள் பிள்ளை புட்டிப்பாலிலேயே வளர்ந்து இப்போது பள்ளிக்கூடம் போகிறது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி அது "அம்மா" என்று ஓடிவரும் நேரத்தில், நான் இன்னமும் களத்துப் பக்கம் போய்விடுகிறேன்.