ஐந்து வயதில் இறந்த கொள்ளுப்பாட்டி

என் கொள்ளுப்பாட்டி ஐந்து வயதிலேயே இறந்துவிட்டார் என்ற செய்தியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் பெரியப்பாதான். எனக்கு அப்போது பத்து வயது. ஐந்து வயதில் இறந்தவருக்கு எப்படி ஆறு பிள்ளைகள் பிறந்தார்கள் என்று கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். கேட்கக் கூடாத கேள்வி போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வருடக் கிறிஸ்மஸுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாரும் பாக்கார் ஆராங்கில் இருக்கும் எங்கள் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. பெரியப்பா தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். சும்மா இருக்கத் தெரியாதவர். பள்ளியில் நாங்கள் படம் வரைகிற பெரிய மாஜோங் தாளை வாங்கிவந்து குடும்ப மரம் வரையத் தொடங்கினார். அவருடைய பாட்டி சவேரியம்மாள், சிடாம் கிரிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். கப்பலேறி வந்த எங்கள் குடும்பத்தில் இந்த மண்ணில் பிறந்த முதல் ஆள். பிறந்த தேதி மட்டும் தெரியவில்லை. அதைத் தேடிப் பழைய பங்குக் கோயிலுக்குப் போனவருக்கு இறந்த தேதிதான் கிடைத்தது. அடக்கப் பதிவேட்டில் அதே பெயர், அதே தாய் தகப்பன், அதே தோட்டம். வயது ஐந்து. காய்ச்சல்.

அத்தைக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "செத்துப்போன பிள்ளையா எங்கப்பாவுக்குப் பால் குடுத்துச்சு? ஃபாதரக் கண்ணாடி மாத்தச் சொல்லுங்கண்ணே!" என்றார். பிறகு அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "எங்கயோ கெடந்த பிள்ளைய எடுத்து வளத்து, அந்தப் பேர வெச்சிட்டாங்களோ?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நாங்கள் அத்தனை பேரும் எங்கோ கிடந்தவர்களாகிவிட்டோம். தாளைச் சுருட்டி அலமாரி மேல் போட்டுவிடலாம் என்றார் அப்பா.

பெரியப்பா கேட்கவில்லை. மறுவாரமே மறுபடி காடியை எடுத்தார். இந்தத் தடவை பெரியம்மாவும் ஏறிக்கொண்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால், எங்கே போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம்.

கோயில் அலுவலகத்தில் இளவயதுப் பாதிரியார் பழுப்பேறிய அடக்கப் பதிவேட்டை விரித்து, லத்தீன் வரிகளின்மேல் விரலை ஓட்டினார். பெரியப்பா அதே பக்கத்தையே முறைத்துக்கொண்டிருந்தார். அதுவரை பேசாமலிருந்த பெரியம்மா, "பொறப்பு நோட்டப் பாருங்க ஃபாதர். அந்தப் பிள்ளை செத்ததுக்கு அப்புறம்" என்றார்.

"செத்ததுக்கு அப்புறம் எப்படிலா பொறக்கும்?" என்று பெரியப்பா சிரித்தார்.

"இன்னொரு பிள்ளை பொறந்திருக்கும்ல?"

பாதிரியார் வேறொரு பதிவேட்டை எடுத்தார். பெயரின் முதல் எழுத்து லத்தீனில் பாம்புபோல் வளைந்திருக்கும் என்று எனக்குக் காட்டியிருந்தார். பக்கங்கள் புரளப் புரள நானும் பாம்பைத் தேடினேன். எங்கள் இரண்டு பேர் விரலும் ஒரே வரியில் போய் முட்டின. முதல் பிள்ளை இறந்து ஒன்றரை வருடம் கழித்து, அதே தாய் தகப்பனுக்கு ஒரு பெண் குழந்தை. அதற்கும் சவேரியம்மாள் என்றே ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள்.

பெரியப்பா அங்கேயே கைத்தொலைபேசியை எடுத்து அத்தையிடம் கத்தினார். "நம்ம பாட்டி சாகலலா! செத்தது அவங்க அக்கா!"

திரும்பும் வழியில் சிடாம் கிரிக்குள் வண்டியைத் திருப்பினார். தோட்டத்து இடுகாடு எங்கே இருந்தது என்று சொல்ல ஆளில்லை. கண்ணுக்கெட்டிய வரை எண்ணெய்க்காக நட்ட செம்பனை மரங்கள். ஒரு மரத்தடியில் பெரியம்மா மெழுகுவர்த்தி ஏற்றினார். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. நான் இரண்டு கையையும் குவித்துப் பிடித்த பிறகுதான் நின்று எரிந்தது.

கிறிஸ்மஸ் அன்று தாள் கூடத்துச் சுவரில் ஒட்டப்பட்டது. அத்தைக்கு அதிலும் ஒரு குறை. "கல்யாணம் இல்ல, காட்சி இல்ல. அந்தச் சின்னதுக்கு எதுக்குண்ணே எடம்?"

"பொறந்துச்சுல்ல?" என்று சொல்லிவிட்டு, மூத்த சவேரியம்மாள் பெயரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார் பெரியப்பா. அதன் கீழே கோடு எதுவும் இல்லை.

எல்லாரும் தங்கள் தங்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது, பெரியம்மா பேனாவை வாங்கினார். தன் பெயருக்கும் பெரியப்பா பெயருக்கும் நடுவிலிருந்து கீழே ஒரு சின்னக் கோடு இழுத்து, அதன் நுனியில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே நான் கேள்விப்பட்டேயிராத ஒரு பெண்பிள்ளையின் பெயரை எழுதினார்.

"பெரியம்மா, தப்பாப் போட்டுட்டீங்க! உங்களுக்குத்தான் பிள்ளையே இல்லியே!" என்று கூவியபடி ஓடிப்போய், பள்ளிப்பையிலிருந்து எழுத்தை அழிக்கும் வெள்ளை மைப் புட்டியை எடுத்துவந்தேன். அத்தை தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பா என் கையிலிருந்த புட்டியை மெதுவாக வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தப்பில்லம்மா. சரியாத்தான் இருக்கு."

பெரியம்மா என் தலையைத் தடவி, சாப்பிடக் கூட்டிப்போய், கோழிக்கறியில் பெரிய துண்டாகப் பார்த்து எனக்குப் போட்டார். அன்று முழுக்க அவர் ஒவ்வொரு சொந்தக்காரராகக் கைபிடித்துச் சுவரிடம் கூட்டிப்போய்க் காட்டிக்கொண்டிருந்தார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. கிறிஸ்மஸ் என்பதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.