மூட்டை தூக்குபவர்கள் சாப்பிடும் இடம்

எனக்குச் சமைக்கத் தெரியாது. செஞ்சிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரத்திலேயே அதை ஊரறிய நிரூபித்தேன். தண்ணீர் ஊற்றாமல் குக்கரில் பருப்பை வைத்துவிட்டு, பக்கத்து அறையில் போன் பார்த்துக்கொண்டிருந்தேன். புகையைக் கண்டு மாடியேறி வந்த ஹவுஸ் ஓனர் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், நீங்க ஓட்டல்லயே சாப்டுக்குங்க சார்" என்றார்.

ஓட்டலில் சாப்பிடுவதில் ஒரு சிக்கல் இருந்தது. என் வயிற்றில் பழைய புண் ஒன்று உண்டு. காரமும் சோடா உப்பும் அதற்கு ஆகாது. இரண்டு வருடத்துக்கு முன் அது முற்றி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அந்தப் பத்து நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் மனைவி. இப்போது அவள் கள்ளக்குறிச்சி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் டீச்சர். நான்காவது தடவை தேர்வெழுதிக் கிடைத்த வேலை. தகுதிகாண் பருவம் இன்னும் முடியவில்லை, நடுவில் நீண்ட லீவு எடுத்தால் எல்லாம் தள்ளிக்கொண்டே போகும். ஆனாலும் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்றே தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

"திரும்ப வயித்துவலின்னு படுத்தீங்க, லீவப் போட்டுட்டு அங்க வந்து உக்காந்துக்குவேன். வேலை போனாப் போவுது."

சொன்னால் செய்கிறவள். ஆக, செஞ்சியில் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் ஒரு சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது அவளுடைய வேலையைக் காப்பாற்றும் காரியம். இதை நான் நன்றாகவே உணர்ந்திருந்தேன். உணர்ந்துகொண்டே பஸ் ஸ்டாண்டில் மசால் வடை தின்றேன்.

அந்த வடையை மட்டும் குறை சொல்வானேன். திண்டிவனம் ரோட்டில் பானையோடு உட்கார்ந்து கேவுரு கூழ் ஊற்றுகிறவரை நான்தான் கண்டுபிடித்தேன், ஊரே அங்கே இருபது வருடமாகக் குடிக்கிறது என்பது வேறு விஷயம். தொட்டுக்கொள்ளக் கருவாடும் மோர் மிளகாயும் தருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டை பார்க்க வருகிறவர்களுக்காக அவித்த வேர்க்கடலையை, இந்தப் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பெயர், குவித்து விற்பார்கள். கோட்டைமேல் ஏறாமலே அதைத் தின்றுவிட்டுத் திரும்புவேன். சாயங்காலத்தில் முட்டை தோசை வண்டி. எல்லாவற்றையும் படம் பிடித்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு, வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தேன். ஆபீஸில் எனக்குச் சாப்பாட்டு ராமன் என்று பெயர் விழுந்தது. கருவாட்டுப் படத்துக்குக் கீழே மனைவி ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாள், என் வயிற்றுப்புண் மாத்திரையின் பெயர்.

இப்படித் தின்று தின்று நான் ஒரு கொள்கைக்கு வந்திருந்தேன். போர்டைப் பார்த்து ஒரு கடைக்குள் நுழையக்கூடாது. மூட்டை தூக்குபவர்கள் எங்கே போய்ச் சாப்பிடுகிறார்களோ அங்கே போக வேண்டும். உடம்பு வணங்கி உழைக்கிறவன் வயிற்றை ஏமாற்ற முடியாது என்று ஆபீஸில் விளக்கம் வேறு சொல்வேன். உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிறவன் அதைச் சொன்னதில் யாரும் சிரிக்கவில்லை, மரியாதைக்காக.

ஒருநாள் மதியம் நெல் கமிட்டி வழியாக நடந்துகொண்டிருந்தேன். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து நெல் மூட்டைகள் வந்து இறங்கும் இடம் அது. மூட்டை தூக்குபவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தலைத்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டமாக ஒரு சந்துக்குள் நுழைந்தார்கள். அந்தச் சந்தில் கடை எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்று உள்ளே ஒரு குதி குதித்தது. பத்தடி இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனேன்.

ஒரு வீட்டின் பின்கட்டுக்குள் போனார்கள். உள்ளே துணிப்பந்தல், நீள மேசைகள், மேசைமேல் வெள்ளைத் தாள். வாழையிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டு மெஸ்! அதுவும் போர்டு இல்லாத மெஸ். என் கொள்கைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மூட்டைக்காரர்கள் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. சாம்பார் வந்தது. காரம் தூக்கலாக இல்லை, புளி தொண்டையைப் பிடிக்கவில்லை. பூசணிக்காய்க் கூட்டு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம். மோர் ஊற்றியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியின் வேலை பிழைத்தது என்று நினைத்தேன்.

கை கழுவும் இடத்தில், பரிமாறியவரிடம் நூறு ரூபாயை நீட்டினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதெல்லாம் இன்னாத்துக்கு சார், வந்து சாப்டதே போதும்" என்றார். புது மெஸ் போலிருக்கிறது, முதல்நாள் இலவசம் என்று முடிவு செய்துகொண்டேன்.

சாப்பிட்டு முடித்த மூட்டைக்காரர்கள் கையைத் துடைத்துக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். எனக்குக் கோபம்கூட வந்தது. இவ்வளவு அருமையாகச் சோறு போட்டவர்களிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடத் தெரியாதா இவர்களுக்கு? சரி, நாமாவது சொல்வோம் என்று பின்வாசல் நிலைக்கருகே போனேன். உள்ளே பாயில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதலாளி இவர்தான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. என் பார்வைக் கூர்மை அப்படி.

"சாப்பாடு பிரமாதம்மா" என்றேன் உரக்க. "நாளைக்கும் வரேன். இனிமே தினமும் வருவேன்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த அம்மா என்னையே பார்த்தார், பிறகு மெதுவாகத் தலையாட்டினார். என் பாராட்டு எல்லாரையும் உலுக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஆபீசுக்குத் திரும்பினேன். பத்துக்குப் பத்து போட்டேன்.

மறுநாள் டிபன் கேரியரோடு போனேன். ராத்திரிக்கும் வாங்கிக்கொள்ளலாம் என்ற திட்டம். பின்வாசல் சாத்தியிருந்தது. சுற்றிக்கொண்டு முன்தெருவுக்குப் போனால், வீட்டுக்கு எதிரில் ஆளுயர ஃபிளெக்ஸ். நரைத்த மீசையோடு ஒருவர், தோளில் துண்டு. மேலே கண்ணீர் அஞ்சலி என்று இருந்தது. கீழே, பதினாறாம் நாள் காரியம் என்று முந்தின நாள் தேதி.

கருமாதி வீட்டில் உட்கார்ந்து பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கியிருக்கிறேன். அதுகூடப் பரவாயில்லை. சாவு வீட்டிலும் கருமாதி வீட்டிலும் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். போய்வருகிறேன் என்ற பேச்சே அங்கே கூடாது. வந்தவர்கள் சத்தமில்லாமல் எழுந்து போய்விட வேண்டும். எனக்குத் தெரியாத வழக்கமா? என் நைனா செத்தபோது ஊரே அப்படித்தான் எழுந்து போனது. நான் மட்டும் ஒரு தாலியறுத்த வீட்டு நிலையில் நின்று, இனிமேல் தினமும் வருவேன் என்று அறிவித்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது. கேரியரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு திரும்பினேன்.

"சார்! இன்னா வந்துட்டு திரும்பிப் போறீங்க?"

அந்த அம்மா வாசலில் நின்றிருந்தார். நான் ஓடிப்போய், கையைப் பிசைந்துகொண்டு, மெஸ் என்று நினைத்துவிட்டதை உளறிக்கொட்டினேன். மன்னிப்பு கேட்டேன். தெரியாமல் சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கேட்டு முடித்தார்.

"நேத்து எல்லாரும் சொல்லாமத்தான் போனாங்க. சொல்லக்கூடாது, அதுதான் மொறை. என் பொண்ணு, புள்ளைங்களுக்கு ஸ்கூலு இருக்குதுன்னு வல்லத்துக்குக் கிளம்பிச்சு பாருங்க, அதுவும் சொல்லாமத்தான் போச்சு. ராத்திரி தனியா படுத்துனு இருந்தேன். காலையில எழுந்தா யாருக்கு ஆக்கறதுன்னே தெரில சார். அப்புறம்தான் நெனைப்பு வந்துச்சு, ஒருத்தரு மட்டும் நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுப் போனாரேன்னு. எழுந்து ஒலை வெச்சேன். உக்காருங்க."

உட்காராமல் எப்படி இருப்பது? தட்டில் சோறு வந்தது, மேலே குழம்பு வந்தது. அதன் சிவப்பைப் பார்த்தவுடனே என் வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டது. முந்தின நாள் சாப்பாடு யாரோ சமையல்காரர் வந்து செய்தது என்பது அப்போதுதான் புரிந்தது. இது இந்த அம்மாவின் கை. முதல் கவளத்திலேயே தொண்டை பற்றி எரிந்தது. இரண்டாவதில் மூக்கு ஒழுகியது. நாலாவதில் கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றத் தொடங்கிவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவரும் அழுதார்.

"முன்ன பின்ன பாக்காத மனுசனுக்கு இப்படி அழறீங்களே சார், உங்களுக்கு இன்னா மனசு!"

இல்லையம்மா, குழம்பு என்று எந்த வாயால் சொல்வேன்? இன்னும் கொஞ்சம் ஊற்றினார். சாப்பிட்டேன்.

அன்று முதல் தினமும் மதியம் அங்கேதான். மாசம் பிறந்ததும் பணம் தருவதாகப் பேச்சு, மற்றபடி என்னை அவர் வாடிக்கையாளராகவே நினைக்கவில்லை. எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்ப்பார். கணவர் கமிட்டியில் முப்பது வருடம் மூட்டை தூக்கியதைச் சொல்வார். தான் எப்போது சாப்பிடுகிறார் என்பது தெரியாது. கேட்டால் அப்புறம் என்பார். போகாமல் நின்றுவிடலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. நான் போகாவிட்டால் அவர் உலையே வைக்க மாட்டார் என்று பயந்தேன். மனைவியிடம், வீட்டுச் சாப்பாடு, பஞ்சு மாதிரி இருக்கிறது என்று அளந்துவிட்டேன். ராத்திரியில் வயிற்றில் கனல் எழும்போது மாத்திரையை விழுங்கிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வேன். ஊரெல்லாம் மார்க் போட்டுத் திரிந்தவனின் லட்சணம் இது.

மூன்றாவது சனிக்கிழமை கள்ளக்குறிச்சிக்குப் போனபோது, துவைக்கப் போட்ட என் சட்டையிலிருந்து காலி மாத்திரை அட்டைகள் மூன்றை மனைவி எடுத்தாள். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து லீவு லெட்டர் எழுதினாள்.

"இன்னும் கொஞ்சம் பொறு" என்றேன்.

"திங்கக்கிழமை மதியம் வரைக்கும்தான். ஹெச்.எம். ரூம் வாசல்ல நின்னு போன் பண்ணுவேன். உண்மையச் சொல்லணும்."

திங்கட்கிழமை சோறு பரிமாறப்படுவதற்கு முன்பே அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வயிற்றுப்புண், மாத்திரை, மனைவி, நான்கு தடவை எழுதிய தேர்வு, அந்த லெட்டர், எல்லாம். அவர் கரண்டியோடு நின்று கேட்டார்.

"அப்ப மொத நாளு அழுதீங்களே?"

"காரம்மா."

ஒரு நிமிடம் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து, அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு மானம் போனது, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

சிரித்து ஓய்ந்ததும் கரண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மூட்டை தூக்கற ஒடம்பு சார் அவருக்கு. ஒறைக்கலைன்னா சோறே எறங்காது. முப்பது வருசமா இந்தக் கையி மொளகாத்தூளு டப்பால போனா அந்த அளவுக்குத்தான் அள்ளுது. நான் வேணும்னு போடல." மிளகாய்த்தூள் டப்பாவை மூடி ஓரமாக நகர்த்தினார். "உங்களுக்கு எந்த அளவுன்னு சொல்லுங்க."

சிட்டிகை அளவு என்று விரலால் காட்டினேன். அதைப் பார்த்து, இதெல்லாம் ஒரு சாப்பாடா என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு சின்னச் சட்டியை எடுத்து, வெந்த பருப்பில் கொஞ்சம் வாரிப்போட்டு அடுப்பில் ஏற்றினார். தாளிக்கும்போது போன் அடித்தது. மனைவி. ஹெச்.எம். ரூம் வாசலில் நிற்பது குரலிலேயே தெரிந்தது.

"குடுக்கவா, வேணாமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு, போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

"நீ வேலையப் பாரும்மா" என்றார். "இங்க நான் இருக்கறேன்."

அந்தப் பக்கம் என் மனைவி வெகுநேரம் ஏதோ பேசினாள். இவர் உம், உம் என்று கேட்டுக்கொண்டார். என்ன பேசினார்கள் என்று இருவருமே இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. போனைத் திருப்பித் தந்துவிட்டு, எனக்குச் சின்னச் சட்டியிலிருந்து ஊற்றினார். அப்புறம் தனக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்து, பெரிய சட்டியிலிருந்த சிவப்புக் குழம்பை ஊற்றிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார்.