நூறு வீதம் சித்தி

சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆங்கிலப் புத்தகத்தோடு வந்து கேட்டாள் — ‘செரி பிக்கிங்’ என்றால் என்ன, அங்கிள்?

மரத்தில் நல்ல பழங்களை மட்டும் பறித்துக் காட்டி, மரம் முழுக்க இப்படித்தான் என்பது. வசதியானதை எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது. செரி மரத்தை நானும் கண்டதில்லை என்றேன். உதாரணம் கேட்டாள். அரசியல்வாதிகளின் பேச்சைச் சொல்லித் தப்பினேன்.

என் சொந்த உதாரணம் இரண்டு நாள் கழித்து, நான் போய்க்கொண்டிருந்த பசறை பஸ்ஸில் ஏறியது.

செல்வமலர். தொண்ணூறுகளில் நான் படிப்பித்த தேயிலைத் தோட்டப் பாடசாலை மாணவி. இப்போது கொழுந்து பறிக்கிறாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் மகள், பதினாறு வயதிருக்கும்.

“இவளுக்கும் என்ன மாதிரியே படிப்பு ஏறலைங்க சார். ஓ.எல். பரீட்சை எழுத வேணாம்னு பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திட்டேன். போன மாசம் தோட்டத்துல வேலைக்கு பேரு பதிஞ்சாச்சு. எனக்கு ஏறாதுன்னு நீங்க அப்பவே கண்டுபிடிச்சீங்களே...”

நான் என்ன கண்டுபிடித்தேன்?

அவள் ஓ.எல். எழுத வேண்டிய வருடம் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். பரீட்சைக்கு அனுப்பியது ஒன்பது பேரை. ஒன்பதும் சித்தி, ஒருவரும் தவறவில்லை. நூறு வீதம் என்று வாசலில் பதாகை கட்டினோம், அதிபருக்கு மாலை போட்டார்கள். மிச்ச இருபத்திரண்டு பேர் எங்கே என்று எவராவது கேட்டார்களா? தவணைப் பரீட்சையில் கணக்குக்குப் புள்ளி குறைந்தவர்களின் பெயரையெல்லாம் வெட்டியது நான். வீட்டுக்குப் போய், உங்கள் பிள்ளைக்குப் படிப்பு வராது என்று சொன்னதும் நான். வெட்கமாக இருக்கிறது.

சிரித்துவிட்டு இறங்கியிருக்கலாம். அன்று முடியவில்லை.

“உம்மட படிப்பிலை ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு நூறு வீதம் வேணும் எண்டு நான்தான் உம்மட பேரை வெட்டினனான்” என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப... இவளை நான் எதுக்கு சார் நிறுத்துனேன்?”

விடை தெரிந்த கேள்விகளை மட்டும் பொறுக்கியே வாத்தியார் வேலையை ஓட்டியவன் நான்.