வாசலில் மஞ்சள் தண்ணீர்

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கரகம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். வீட்டுப் பெண்கள் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரைக் கரகம் எடுப்பவரின் காலில் ஊற்றுவார்கள். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளில் எங்கள் வாசல் மட்டும் காய்ந்து கிடக்கும். அப்பா இறந்த மறு வருடம் அம்மாவும் நானும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டோம். அதிலிருந்து கரகம் எங்களைத் தாண்டிப் போய்விடும். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்போம். எங்கள் வீட்டெதிரே வந்ததும் மேளத்தை வேண்டுமென்றே ஓங்கி அடிப்பதாக எனக்குத் தோன்றும். தோன்றுவதென்ன, அப்படித்தான் அடித்தார்கள்.

அது எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்தொன்பது வயது. மலேசியாவில், சிலிம் ரிவருக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் அம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்து நிரையில், பால் வடியப் பட்டையைச் சீவி, மரம் வெட்டினோம். அதிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் என்னைக் கண்டதும் யாராவது, "அல்லேலூயா வந்துருச்சுலா!" என்பார்கள். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. அன்றைக்கு இன்னும் மோசம். "தங்கச்சி, ஒங்க சாமிகிட்ட சொல்லி மழைய நிப்பாட்டுலா. அவருக்கு வேன் அனுப்ப மட்டும்தான் தெரியுமா?" ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைச் சபைக்கு ஏற்றிப்போக வரும் வேனைத்தான் அப்படிக் கிண்டல் செய்வார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். மழை நிற்க வேண்டும் என்று உண்மையிலேயே மனதுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருப்பேன் என்பதை மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை. பெரும்பாலும் நிற்காது.

அந்த வருடத் திருவிழா அன்று ஈப்போ நகரில் சபையின் வாலிபர் கூட்டம். நான் மட்டும் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினேன். எங்கள் வாசல் ஈரமாக இருந்தது. மஞ்சள் திட்டு, இரண்டு மூன்று வேப்பிலை. உள்ளே போய் வாளியை எடுத்து மோந்து பார்த்தேன். மஞ்சள் வாடை. அம்மா அடுப்படியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். "கூட்டம் எப்படிப் போச்சு?" என்றாள். நல்லா போச்சு என்றேன். வாசலைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்லிவிடுவாளோ என்று பயம். உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று அதைவிடப் பயம்.

மறுநாள் குழாயடியில் ஒருத்தி, "ஒங்கம்மா கெட்டிக்காரிலா, ரெண்டு சாமியையும் கைக்குள்ள வச்சிருக்கு," என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஞானஸ்நானத் தொட்டியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இறங்கினேன். அவளுடைய விசுவாசம் வேஷம் என்றால் என்னுடையது என்ன?

அன்றிலிருந்து அம்மாவை வேவு பார்த்தேன். தலையணைக்கு அடியில் திருநீற்றுப் பொட்டலம் இருக்கிறதா என்று துழாவினேன். அரிசி டின்னுக்குப் பின்னால் பார்த்தேன். தலை வாரிவிடும் சாக்கில் கூந்தலில் சாம்பிராணி வாடை வருகிறதா என்று மோந்தேன். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு இருவரும் பாயில் முழங்காலிட்டு ஜெபிப்போம். அப்போதெல்லாம் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். 'ஆண்டவரே' என்னும்போது குரல் தடுமாறினால் அதையும் மனதில் குறித்துக்கொள்வேன். ஆமென் மட்டும் சரியான நேரத்தில் சொல்லிவிடுவேன்.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. ஒரு சாயங்காலம் ஆமென் சொன்ன கையோடு அம்மா, "ஊத்துனது நான்தான்," என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"ஒங்க மாமாதான் இந்த வருசம் கரகம். நாம சபைக்குப் போனதிலேர்ந்து எங்கூட பேசாத எங்கண்ணன், நம்ம வாசல்ல வந்து நின்னுட்டாரு. நகர மாட்டேங்கிறாரு. வெயிலு இன்னும் தணியல. கல்லு ரோட்டுல வெறுங்கால்ல நடந்து பாதமெல்லாம் கொப்புளம். நான் என்னா பண்ணுவேன்னு லயமே பாத்துக்கிட்டு நிக்குது. எங்கண்ணன் காலுக்குத் தண்ணி ஊத்துனேன். சாமிக்கு ஊத்தல."

"அப்ப மஞ்சள் எங்கேர்ந்து வந்துச்சு?"

"பக்கத்து வீட்டு அக்கா ஓடியாந்து வாளியில போட்டுருச்சு. வேணாம்னு தட்டிவிட மனசு வரல."

நம்பினேனா? முக்கால்வாசி. "அன்னைக்கே ஏன் சொல்லல?" என்றேன்.

"நீ கேக்கலியே. ஜெபத்துல கண்ண முழிச்சு என்னையவே பாத்துக்கிட்டு இருக்கியே, எப்பதான் நீ வாயத் தொறப்பியோன்னு பாத்தேன்."

வசமாக மாட்டிக்கொண்டாள் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "நான் முழிச்சிருந்தது ஒனக்கு எப்படித் தெரியும்? நீயும் கண்ணத் தொறந்துதானே இருந்திருக்க!"

அம்மா மறுக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டே, "ஆமா. பெரட்டுல அவங்க ஒன்னைப் பேசுறது எனக்கும் கேக்குது. சபையும் வேணாம் ஜெபமும் வேணாம்னு என்னைக்கு எந்திரிச்சுப் போயிருவியோன்னு பயம். முட்டி போட்டிருக்கியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றாள்.

ஆக, மூன்று வாரமாக எங்கள் வீட்டில் ஒருவரும் ஜெபம் பண்ணவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அம்மா கையிலிருந்து பாயை வாங்கி மறுபடி விரித்தேன்.

"நீ மொதல்ல கண்ண மூடு," என்றேன்.

"நீ மூடு," என்றாள்.

நான் மூடினேன். அவள் மூடினாளா என்று அன்றைக்குப் பார்க்கவில்லை.