சிஸ்டர் ஜெர்மானா கத்திய வெள்ளிக்கிழமை

போன வாரம் எதிர் ஃப்ளாட் ஷெரின் கதவைத் தட்டினாள். காலேஜ் படிக்கிற பெண்.

"ஆன்ட்டி, தவக்காலம் ஆரம்பிச்சாச்சு. ஈஸ்டர் வரைக்கும் மொபைலைத் தொட மாட்டேன். ஏதாவது வேணும்னா நேர்ல வந்து கூப்பிடுங்க."

முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கே கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் அவளுடைய அம்மா நம்பரிலிருந்து மெசேஜ். 'குட் மார்னிங் ஆன்ட்டி, நான் ஷெரின்.' கூடவே மூன்று சிரிப்பு பொம்மைகள். போய்க் கேட்டால், "இது அம்மா மொபைல் ஆன்ட்டி... என்னுது இல்லையே!" என்கிறாள்.

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அன்று முழுக்க வேறொருவர் ஞாபகம். அவரும் ஒரு தவக்காலத்தில் ஒன்றை விட்டார். விட்டதைக் காப்பாற்றப் பட்ட பாடு இருக்கிறதே!

நான் படித்தது அரியலூருக்கும் செந்துறைக்கும் நடுவில், கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளிக்கூடம். சுற்றிலும் செம்மண், முந்திரிக்காடு. எங்கள் ஊர் எறையூர் பக்கம். வீட்டில் கரும்பும் சாமி படமுமாக வளர்ந்த என்னை, 'அங்கே போனால்தான் கணக்கு வரும்' என்று ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்டார் அப்பா. ஹாஸ்டலில் பாதிப் பேர் என் மாதிரிதான். மீதிப் பேர் வேதக்காரப் பெண்கள், அதாவது கிறிஸ்தவர்கள். அவர்களிலும் நிலம் வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் உண்டு. அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் பிள்ளைகளும் உண்டு. எல்லோருக்கும் ஒரே கஞ்சிப் பானை.

தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு, விபூதிப் புதனில் தொடங்கும். அந்தப் பெயரைக் கேட்டு முதல் வருடம் எனக்கு ஒரே சந்தோஷம். நம்ம விபூதி! பார்த்தால், போன வருடத்துக் குருத்தோலையை எரித்த சாம்பல். இருந்தாலும் நெற்றியை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து எங்கள் உலகத்துக்கே வேறு நிறம். கோயிலில் ஊதாத் துணி. வெள்ளிக்கிழமைகளில் பெரிய பெண்களுக்கு ஒருசந்தி, அதாவது ஒரு வேளை மட்டும் சோறு. ஞாயிற்றுக்கிழமை முட்டை காணாமல் போகும். சாயங்காலம் வேப்பமரங்களுக்கு நடுவே சிலுவைப் பாதை நடக்கும். இயேசு சிலுவை சுமந்துபோன கதையை, மரத்துக்கு ஒரு படமாக, ஸ்தலம் ஸ்தலமாக ஆணியடித்து மாட்டியிருக்கும். ஒவ்வொரு மரத்தடியிலும் முழங்கால் போட வேண்டும். செம்மண்ணில் முழங்கால் போட்டுப் போட்டு, எங்கள் பாவாடைகளில் அந்த இடம் மட்டும் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். எந்தச் சோப்புக்கும் போகாது.

அப்புறம், ஒவ்வொருவரும் ஒன்றை 'விட' வேண்டும்.

ஒருத்தி தேன்மிட்டாயை விட்டாள். ஒருத்தி சினிமாவை விட்டாள். ஹாஸ்டலில் ஏது சினிமா? ஒருத்தி அல்ஜீப்ராவை விட்டுவிடுகிறேன் என்று எழுந்து நின்று சொல்லி, வெயிலில் நின்றாள்.

அவளை வெயிலில் நிற்க வைத்தவர்தான் சிஸ்டர் ஜெர்மானா. எங்கள் கணக்கு டீச்சர், ஹாஸ்டல் வார்டனும் அவரே.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஜெர்மன் பீரங்கி'. லால்குடிப் பக்கம், கொள்ளிடக் கரையில் பிறந்தவர். அக்கரையில் மாடு மேய்ப்பவரை இக்கரையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டுப் பழகிய குரல். வகுப்பில் அவர் "ஏய்!" என்றால் சமையல்காரம்மா கரண்டியைக் கீழே போடுவார். ரோட்டில் போகிற பஸ் கூட கொஞ்சம் மெதுவாகப் போவதாக எங்களுக்குத் தோன்றும்.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம்... எண்பதுகளின் தொடக்கம். விபூதிப் புதன் பிரேயரில் சிஸ்டர் எழுந்தார்.

"எல்லாரும் ஒவ்வொண்ணை விடுறீங்க. நானும் ஒண்ணை விடுறேன். ஈஸ்டர் வரைக்கும் நான் சத்தம் போட மாட்டேன்."

பின் வரிசையில் யாரோ கைதட்டிவிட்டாள். சிஸ்டர் வாயைத் திறந்தார்... மூடினார். "சரி, கிளாசுக்குப் போங்க" என்றார். சாமிக்கு வைக்கிற ஊதுபத்திப் புகை மாதிரி மெல்லிசாக வந்தது குரல்.

சும்மா இருப்போமா நாங்கள்?

கணக்கு பீரியடில் பேச்சுக் கச்சேரி. ஸ்டடி நேரத்தில் புளியமரத்தின் மேல் ஆள். சிஸ்டர் முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும். கையிலிருக்கும் சாக்பீஸ் 'டக்' என்று உடையும். அவ்வளவுதான். "பிள்ளைங்களா... பரீட்சை வருது..." என்பார் கெஞ்சலாக. தினமும் போர்டுக்குக் கீழே சாக்பீஸ் துண்டுகள் இறைந்து கிடக்கும்.

இந்த ஆட்டத்தில் சேராதவள் மங்கை மட்டும்தான். தா.பழூர் பக்கத்துப் பெண். எனக்குப் பக்கத்துப் பாய். பேசினால் பாதி வார்த்தை உள்ளேயே நின்றுவிடும். ஆனால் கணக்கு? சிஸ்டர் போர்டில் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் விடை போட்டிருப்பாள். அவள் குடும்பத்தில் பத்தாவது வரைக்கும் வந்த முதல் ஆள் அவள்தான்.

பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மங்கையின் அப்பா வந்தார். தோளில் துண்டு, வெயிலில் நடந்து வந்த களைப்பு. பார்லர் என்று நாங்கள் சொல்லும் மடத்து வரவேற்பறையில், சிஸ்டர் எதிரே உட்காரவே இல்லை, நின்றுகொண்டே பேசினார். ஜன்னலுக்கு வெளியே நாங்கள் ஏழெட்டுப் பேர்.

"புள்ளையக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேங்க சிஸ்டர்."

"என்ன விசேஷங்க?"

"கல்யாணம் வச்சிருக்கோம். எங்க அக்கா மவன், கலியபெருமாளு... பட்டாளத்துல இருக்கான். லீவுல வந்திருக்கான். இந்த மாசத்தோட லீவு முடியுதுங்க. இப்ப வுட்டா எப்ப வருவானோ. அதுக்குள்ள எங்க அக்கா வேற எடம் பாத்துட்டா, எனக்கு நாதி ஏது?"

சிஸ்டர் மெதுவாகச் சொன்னார். "பரீட்சை இருக்குங்களே."

"பரீட்சை எழுதி என்னங்க பண்ணப் போவுது?"

"நல்லாப் படிக்கிற புள்ளைங்க அவ..."

"அது உங்க புண்ணியம்ங்க." அவர் கும்பிட்டார். உண்மையாகவே கும்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கலே.

சிஸ்டர் இன்னும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். எல்லாம் அந்த ஊதுபத்திக் குரலில். அவரும் பணிவாக மறுத்துக்கொண்டே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே நாங்கள் ஒருத்தி கையை ஒருத்தி நசுக்கிக்கொண்டோம். இத்தனை நாள் எந்தக் குரல் அடங்கியதற்குக் கொண்டாடினோமோ, அந்தக் குரலுக்காக ஏங்கினோம். 'கத்துங்க சிஸ்டர்... ஒரே ஒரு தடவை...'

கத்தவில்லை.

மங்கை பெட்டி கட்ட ஹாஸ்டலுக்குப் போனாள். அழவில்லை. ஜாமெட்ரி பாக்ஸை மட்டும் என் பாயில் வைத்தாள். "நீ வச்சுக்கடி" என்றாள்.

அதற்குள் சிலுவைப் பாதைக்கு மணி அடித்துவிட்டது. சிஸ்டர்தான் செபம் வாசிக்க வேண்டும். மரம் மரமாகப் போனோம். முழங்கால் போட்டோம், எழுந்தோம். யாருக்கும் செபத்தில் மனசில்லை. எல்லார் கண்ணும் ஹாஸ்டல் வாசலில்.

எட்டாம் ஸ்தலம். அழுதுகொண்டு வரும் பெண்களை இயேசு நின்று பார்க்கிற இடம். அந்தப் படம் மாட்டிய மரம் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. சிஸ்டர் வாசித்துக்கொண்டிருந்தபோது, தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மங்கையின் அப்பா எங்களைத் தாண்டிப் போனார். பின்னால் மங்கை. எங்கள் வரிசையில் ஒருத்தி விசும்பினாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் எல்லோரும்.

வாசிப்பு நின்றது.

சிஸ்டர் படத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார்.

"மங்கை! நில்லுடி அங்கேயே!"

வேப்பமரத்துக் காக்காய்கள் மொத்தமும் எழுந்து பறந்தன. நான் மிகைப்படுத்தவில்லை. முந்திரிக்காட்டில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலி வரைக்கும் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள்.

மங்கை நின்றாள். அவள் அப்பா நிற்கவில்லை.

"உங்களையும்தான் சொல்றேன்!"

அவரும் நின்றார். சிஸ்டர் புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டு, அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

"நீங்க நெல்லு வெள்ளாமை பண்றவருதானே? ஏரு ஓட்டி, நாத்து நட்டு, களை எடுத்து, தண்ணி கட்டி... கதிரு முத்துற நேரத்துல உங்க வயல்ல நீங்களே மாட்டை அவுத்து வுடுவீங்களா? சொல்லுங்க! வுடுவீங்களா?"

அவர் தலையிலிருந்த பெட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"பத்து வருசம் படிச்சிருக்குங்க இந்தப் புள்ளை. இன்னும் ரெண்டு வாரம் பொறுக்க முடியாதா? லீவு முடியுதுன்னா அந்தப் பட்டாளத்துக்காரரைக் கூட்டிட்டு வாங்க. அவரு துப்பாக்கியோட வந்தாலும் சரி, நான் பேசறேன்!"

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெட்டியைக் கீழே இறக்கினார். "நான் போயி மாப்பிள்ளையைக் கேட்டுட்டு வரேங்க" என்றார். செந்துறை பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

சிஸ்டர் திரும்பி வந்தார். என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். "ஒன்பதாம் ஸ்தலம்" என்றார், பழைய மெல்லிய குரலில்.

அடுத்த இரண்டு நாளும் ஹாஸ்டலில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. வேதக்காரப் பெண்கள் ஏலாக்குறிச்சி மாதாவுக்கு வேண்டிக்கொண்டார்கள். நாங்கள் கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று சிலர் இரண்டு பேருக்கும். ஜாமெட்ரி பாக்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். மங்கை வாங்கவில்லை. "இரு பாப்போம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமனும் மருமகனும் வந்தார்கள். மீசை வைத்த முரட்டு ஆளாக இருக்கும் என்று பயந்துகொண்டிருந்தோம். வந்தவர் ஒல்லியாக, கூச்சமாக, இருபத்திரண்டு இருபத்திமூன்று வயசுப் பையன். சிஸ்டர் ஆரம்பிப்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

"பரீட்சை இருக்குன்னு மாமா எங்கிட்ட சொல்லவே இல்லீங்க சிஸ்டர்."

"சொல்லியிருந்தா?"

"நான் அஞ்சாவதோட நின்னவன், படிச்சதும் மறந்துபோச்சு. உடம்புல வலு இருக்குன்னு எடுத்துட்டாங்க. வூட்டுக்கு ஒரு கடுதாசி போடணும்னா, பக்கத்துக் கட்டில்காரன்கிட்ட போயி நிக்கணும். அவன் என்ன எழுதுறான்னு எனக்குத் தெரியாது. எங்க அம்மாவுக்குச் சொல்ல நினைக்கிறதை எல்லாம் அவன்கிட்டச் சொல்ல வாய் வராது... எனக்கு வர்றவளாவது எழுதட்டும்ங்க. நான் அடுத்த லீவுக்கு வரேன். அதுக்கு அடுத்த லீவுன்னாலும் சரி. எங்க அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

மங்கையின் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வைதான் என்று நினைத்தேன் அப்போது.

சிஸ்டர் உள்ளே போய், தானே இரண்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தார்.

மங்கை பரீட்சை எழுதினாள். கணக்கில் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். பிறகு டீச்சர் ட்ரெய்னிங். அதுவும் முடிந்த பிறகுதான் கல்யாணம், அதே கலியபெருமாளோடு. நடுவில் அவள் போட்ட கடிதங்களை அடுத்தவனிடம் காட்டக் கூச்சப்பட்டுக்கொண்டு, மனிதர் தானே எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிக்கொண்டாராம். ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஒரு ஸ்கூலில் ஹெட்மிஸ்ட்ரஸாக ரிடையர் ஆனாள். இப்போதும் போனில் பேசினால் பாதி வார்த்தை உள்ளேயே நிற்கிறது.

கோபத்தை விடு, கோபத்தை விடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரிதான். எனக்கும் பி.பி. இருக்கிறது. ஆனால் நம்மிடம் இருக்கிற எல்லாக் கோபமும் நமக்கே சொந்தமா என்ன? அதில் கொஞ்சம், வாய் திறக்க முடியாத யாரோ ஒருத்திக்குச் சேர வேண்டியதாக இருக்கும். அதையும் சேர்த்து விட்டுவிட்டால்?

சிஸ்டர் ஜெர்மானா அப்படி யோசித்ததாகத் தெரியவில்லை. கத்திய அந்த வெள்ளிக்கிழமை ராத்திரிப் பிரேயரில், "நான் தவத்தை உடைச்சிட்டேன். இன்னையிலேர்ந்து மறுபடி நாப்பது நாள்" என்று எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். செய்தார். ஈஸ்டர் அன்று ஹாஸ்டலே ஆட்டுக்கறிக் குழம்பும் கூச்சலுமாக அமர்க்களப்பட்டபோது, அவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து, மெல்லிய குரலில், "சத்தம் போடாம சாப்பிடுங்க பிள்ளைங்களா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பல வருடம் கழித்து, திருச்சியில் வயசான சிஸ்டர்கள் தங்கும் மடத்தில் அவரைப் போய்ப் பார்த்தேன். காது மந்தம். குரல் மட்டும் அப்படியே. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அதைச் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்றப்ப கூடச் சொன்னேன் தெரியுமா?" என்றார். "கோபப்பட்டுக் கத்திட்டேன் சாமின்னு. அதுக்காக மனஸ்தாபப்படுறீங்களா, மனசு வருந்துறீங்களான்னு கேட்டாரு சாமியார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார் சிஸ்டர்.

"கோயில்ல உக்காந்துகிட்டு எப்படிம்மா பொய் சொல்றது?"