கார்க் கூரையைக் கூட்டும் நாடு

என் காரின் பின்பெட்டிக்குள் நீண்ட பிடி வைத்த ஒரு தும்புத்தடி கிடக்கிறது. ஊரிலிருந்து வருபவர்களை விமான நிலையத்தில் ஏற்றும்போது, பொதிகளை வைக்கப் பின்பெட்டியைத் திறந்ததும் அவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். "இதென்ன, காருக்குள்ளை தும்புத்தடி?" என்று கேட்பார்கள். கூரையைக் கூட்டுவதற்கு என்று சொன்னால் நான் பகிடி விடுவதாக நினைத்துச் சிரிப்பார்கள். முதல் பனி கொட்டிய மறுநாள் காலை, கனடாவில் நாங்கள் இருக்கும் ரூஜ் பகுதியில் எங்கள் வீதியைக் காட்டினால் சிரிப்பு அடங்கிவிடும். வீட்டுக்கு வீடு ஒருவர் குளிரங்கியோடு நின்று கார்க் கூரையைக் கூட்டிக்கொண்டிருப்பார். எதிர்வீட்டு நசீர் நானா புத்தளத்துக்காரர், மின்வேலை செய்பவர், ஆள் கொஞ்சம் கட்டை. குசினிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து பனிக்குள் வைத்து, அதில் ஏறி நின்று தன் வான் வண்டியின் கூரையைக் கூட்டுவார். வாசலில் நின்று அவர் மனைவி, "வூட்டுக்குள்ள ஒருநாளும் தும்புத்தடி தொடாத மனுசன், ரோட்டுக்கு வந்தா மட்டும் என்னமாக் கூட்டுறார் பாருங்க!" என்பார். நானா திரும்பிப் பார்க்கமாட்டார். "வூட்டுக்குள்ள பொலிஸ் வாறதில்லையே" என்பார்.

வாகனத்தில் கிடக்கும் பனியைத் துடைக்காமல் வீதிக்கு இறங்கக்கூடாது என்பது சட்டம் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். எதையும் நாளும் பொழுதும் பார்த்துக் குறித்துவைப்பது என் பழக்கம் என்பதால், வந்த முதல் குளிர்காலத்திலேயே ஒன்ராறியோவின் வீதிச் சட்டத்தைத் தேடி வாசித்தேன். கண்ணாடிகள் மறைபடக்கூடாது, இலக்கத்தகடு தெரியவேண்டும் என்று அது தெளிவாகச் சொல்கிறது. கூரையில் கிடக்கும் பனிக்கென்று தனியாக ஒரு வாசகம் எனக்கு அகப்படவில்லை. பக்கத்து மாகாணமான கியூபெக் அதையும் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. இங்கோ, வண்டியில் ஏற்றிய சுமை வீதியில் விழக்கூடாது என்று லொறிகளுக்குச் சொன்ன விதியைப் பொலிஸார் சில வேளைகளில் பனிக்கும் பொருத்துகிறார்கள் என்று அறிந்தேன். அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பனியை நீ ஏற்றவில்லை, வானம்தான் ஏற்றியது. ஆனாலும் உன் தலைமேல் இருக்கும்வரை அது உன் சுமை. பெருந்தெருவில் நீ வேகமெடுக்கையில் அது ஒரு பலகைபோலக் கிளம்பிப் பின்னால் வருபவனின் கண்ணாடியில் விழுந்தால், பொறுப்பு உன்னுடையது. பழைய பயணக்குறிப்புகளை நான் விரும்பி வாசிப்பவன். வேறு நாட்டுக்குப் போனவர்கள் முதலில் சாப்பாட்டை எழுதுகிறார்கள், பிறகு உடுப்பை, பிறகு கோயில்களை. வீதியில் பின்னால் வருகிற முகம் தெரியாத ஒருவனுக்காக அந்த ஊர் என்ன செய்துவைத்திருக்கிறது என்று எழுதியவரை நான் அதிகம் கண்டதில்லை. அதை இங்கே எழுத எண்ணுகிறேன். என் மச்சாளின் கதையோடுதான் அதை எழுத முடியும்.

சுகந்தி என் மனைவி ரஞ்சியின் தங்கை, எங்களோடு இருப்பவள். யாழ்ப்பாணத்தில் கடை ஒன்றில் கணக்குப் பார்த்தவள், சண்டைக் காலம் முழுவதும் அங்கேயே இருந்தவள். கனடாவுக்கு வந்து பொதியிடும் தொழிற்சாலை ஒன்றில் நின்ற நிலையில் வேலைசெய்து கால் நரம்புகள் புடைத்தபின், பள்ளிக்கூடப் பஸ் ஓட்டப்போகிறேன் என்று ஒருநாள் அறிவித்தாள். ரஞ்சி சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. படித்தாள், சோதனைகளில் சித்தியடைந்தாள். பஸ் கம்பனி அவளை எடுப்பதாகச் சொன்னது. அவளுடைய சாரதிப் பதிவில் கறை எதுவும் இல்லை என்ற பத்திரத்தை மட்டும் கொண்டுவந்தால் போதும் என்றது. அந்த வேலை அவளுக்குச் சம்பளத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. "முப்பது பிள்ளையளை என்னை நம்பி ஏத்திவிடப்போகினம் அத்தான்" என்று என்னிடம் இரண்டு மூன்று தரம் சொன்னாள்.

அந்தச் சந்தோசத்தில் அவள் தனக்கென்று ஒரு பழைய கார் வாங்கினாள். தைப்பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை, றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் அதற்குப் பூசை. நானும் ரஞ்சியும் கூடப் போனோம். ஐயர் பொனற்றிலும் முன்கண்ணாடியின் மேல்விளிம்பிலும் சந்தனம் அப்பி, நடுவில் தாராளமாகக் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சில்லுகளுக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தார். நாங்கள் உள்ளே போய்க் கும்பிட்டு, அன்னதான மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு வெளியே வருவதற்குள் வானம் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. சாண் உயரத்துக்குப் பனி. மாலையும் தெரியவில்லை, பொட்டும் தெரியவில்லை.

சுகந்தி முன்கண்ணாடியில் பொட்டுப் படாத கீழ்ப்பகுதியையும் பக்கக் கண்ணாடிகளையும் பின்கண்ணாடியையும் துடைத்தாள். நான் அந்தக் குட்டைப்பிடிப் பனித் துடைப்பத்தை வாங்கிக் கூரையில் வைத்ததும் பறித்துவிட்டாள்.

"அத்தான், விடுங்கோ. இப்பத்தான் சந்தனம் வைச்சது. வைச்ச கையோடை அதைத் தும்புத்தடியாலை கூட்டுவினமே?"

"கூரையிலை சந்தனம் இல்லையே பிள்ளை."

"கூரையைக் கூட்டினால் அது பொனற்றிலைதானே வந்து விழும். பிறகு அதையும் கூட்ட வேணும். வீட்டை போய்ச் சேரட்டும், தானாக் கரைஞ்சிடும்."

நான் சட்டத்தைச் சொன்னேன். முன்னிருக்கையில் ஏறியிருந்த ரஞ்சி கண்ணாடியை இறக்கி, "இஞ்சருங்கோ, பிள்ளையாரின்ரை வாசல்லை நிண்டு சட்டம் கதைக்காதேங்கோ. குளிருது, ஏறுங்கோ" என்றாள். இரண்டு சகோதரிகள் ஒரு பக்கம் நின்றால் எந்த நாட்டுச் சட்டமும் எடுபடாது. ஏறினேன்.

ஸ்டீல்ஸ் வீதியில் கிழக்கு நோக்கி வந்தோம். காருக்குள் சூடு நன்றாக ஏறியிருந்தது. ஒரு சந்தியில் விளக்கு மஞ்சளாகிச் சிவப்பானது. சுகந்தி பிறேக்கை மிதித்தாள். மறுகணம் எங்களுக்கு முன்னால் உலகம் இல்லாமற்போயிற்று. சூட்டில் இளகியிருந்த கூரைப் பனி முழுவதும் ஒரே பாளமாகச் சறுக்கி முன்கண்ணாடியில் வந்து இறங்கியிருந்தது. வைப்பர்கள் ஒருதரம் முனகிவிட்டு நின்றன. கார் ஓடுகிறதா நின்றுவிட்டதா என்றுகூட ஒரு கணம் விளங்கவில்லை. "அத்தான், ஒண்டும் தெரியேல்லை, ஒண்டும் தெரியேல்லை" என்று சுகந்தி கத்தினாள். பிறேக்கிலிருந்து காலை எடுக்காதே என்று நான் கத்தினேன். எங்கோ நின்றோம். அப்போது பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுழன்றன.

அடுத்து நடந்தது எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை. இங்கே பொலிஸ் மறித்தால் சாரதி அசையக்கூடாது. கைகளை ஸ்ரியறிங்கில் வைத்து, அவர் வரும்வரை உள்ளேயே இருக்கவேண்டும். சுகந்திக்கு அது தெரியும், அதில் சோதனையும் எழுதியவள். ஆனால் அவளுடைய கால்கள் வேறோர் இடத்தில் படித்தவை. யாழ்ப்பாணத்தில் அவள் வேலைக்குப் போகும் வழியில் ஓர் இராணுவக் காவலரண் இருந்தது. அது தெரியும் தூரத்திலேயே சைக்கிளை விட்டு இறங்கவேண்டும், உருட்டிக்கொண்டு போகவேண்டும், கேட்குமுன் அடையாள அட்டையை உயர்த்திக் காட்டவேண்டும், பையைத் திறந்து பிடிக்கவேண்டும். இறங்கத் தாமதித்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதை அவள் கண்டிருக்கிறாள். சீருடை கண்டால் இறங்கு. வருசக்கணக்கில் காலையும் மாலையும் அவள் உடம்பு கற்ற பாடம் அது. சுழலும் விளக்கைக் கண்டதும், நான் கையை நீட்டிப் பிடிக்குமுன், கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். சாரதிப் பத்திரத்தைத் தலைக்குமேல் பிடித்தபடி பனிக்குள் நடந்துபோய், கேளாமலே பின்பெட்டியையும் திறந்தாள்.

பொலிஸ்காரர் இளைஞர். காரிலிருந்து பாதி இறங்கியவர் அப்படியே நின்று, உள்ளே போ, வாகனத்துக்குள் போ என்று உரத்துச் சொன்னார். இங்கே இப்படி இறங்கி நடந்து வருபவரைக் கண்டு அவர்கள்தான் பயப்படுவார்கள். சுகந்தியோ சத்தம் கூடக்கூடப் பின்பெட்டியை இன்னும் அகலத் திறந்தாள். நான் கண்ணாடியை இறக்கி, "சுகந்தி, உள்ளை வா! இஞ்சை இறங்கக்கூடாது, உள்ளை வா!" என்று கத்தினேன். என் குரலுக்கு வந்தாள். இருக்கையில் இருந்து கதவைச் சாத்தினாள். "பஸ் போச்சுது அத்தான்" என்றாள்.

அவர் முன்பக்கமாகச் சுற்றி வந்தார். முன்கண்ணாடியைப் பார்த்ததும் முகம் மாறியது. கண்ணாடிச் சூட்டில் பனி உருக, குங்குமம் கரைந்து சிவப்புத் தண்ணீராக வழிந்துகொண்டிருந்தது. யாருக்காவது காயமா, எதிலாவது மோதினீர்களா என்று வேகமாகக் கேட்டார்.

"நோ சேர். நோ பிளட் சேர். காட்" என்றாள் சுகந்தி.

அவர் ஒரு கணம் அவளையே பார்த்தார். நான் குறுக்கிட்டு, இது இரத்தமில்லை, சாமி காரியம், புது வாகனத்துக்குக் கோயிலில் இட்ட பொட்டு, அது அழியக்கூடாது என்றுதான் பனியைக் கூட்டவில்லை என்று விளக்கினேன். அவர் குனிந்து சிவப்பை விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார். நல்ல விசயம்தான், ஆனால் கார் முழுவதையும் இப்போதே துடைக்கவேண்டும் என்றார். அவளுடைய பத்திரத்தை வாங்கிக்கொண்டு தன் காருக்குப் போனார்.

முன்கண்ணாடியை முதலில் நான்தான் வழித்தேன். பனி விலகியதும், உள்ளே இருந்த சுகந்தி கண்டதை நானும் திரும்பிக் கண்டேன். எங்கள் பொனற்றிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி, கடவையில், ஒரு பெண் சிறு பிள்ளையைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். நாங்கள் நிற்போமா மாட்டோமா என்று பார்த்து நின்றவள், பிறகு பொலிஸ் விளக்குகளைக் கண்டு தயங்கி நின்றிருக்கவேண்டும். பிள்ளை நீலத்தொப்பி போட்டிருந்தது. எங்களுக்குக் கையசைத்துவிட்டுத் தாயோடு கடந்துபோயிற்று. சுகந்தி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் துடைப்பம் கூரையின் நடுவுக்கு எட்டவில்லை. அதைப் பார்த்திருந்த பொலிஸ்காரர் தன் பின்பெட்டியிலிருந்து நீண்ட பிடி வைத்த ஒரு தும்புத்தடியைக் கொண்டுவந்து நீட்டினார். சுகந்திதான் இறங்கி அதை வாங்கினாள். இம்முறை அவர் சொன்ன பிறகு இறங்கினாள். கூரையைக் கூட்டினாள், பொனற்றைக் கூட்டினாள், மாலையைக் கழற்றி உள்ளே வைத்தாள், இலக்கத்தகட்டைக் கையுறையால் துடைத்தாள். அவ்வளவு நேரமும் அவர் தன் காரின் விளக்குகளைச் சுழலவிட்டு, பின்னால் வரும் வாகனங்கள் எங்களில் மோதாதபடி காவல் நின்றார். முடிந்ததும் தும்புத்தடியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ஒரு தாளை அவளிடம் கொடுத்தார். கண்ணாடியை மறைத்து ஓட்டியதற்கான குற்றப்பத்திரம்.

இதைக் கேட்ட எங்கள் ஆட்கள் இரண்டு பிரிவாகப் பிரிந்துவிட்டார்கள். உதவி செய்தவன் பிறகு ஏன் தண்டம் எழுதவேண்டும் என்று ஒரு பிரிவு, தண்டம் எழுதுகிறவன் ஏன் தும்புத்தடி தூக்கவேண்டும் என்று மற்றப் பிரிவு. எனக்கு வியப்பே அங்கேதான். நாங்கள் அறிந்த சீருடைகள் பயம் தந்தன, அல்லது தெரிந்தவர் மூலம் சொல்லிவைத்தால் சலுகை தந்தன. மிரட்டாமல், கை நீட்டாமல், அவளுடைய சாமியைப் பழிக்காமல், அதே வேளை அவளுக்காக விதியை வளைக்காமல் ஒரு சீருடை நடந்துகொள்ளும் என்பது எனக்கு ஏட்டில் மட்டும் தெரிந்த விசயமாக இருந்தது. இந்த நாட்டில் குறை இல்லை என்று நான் சொல்லவரவில்லை, இந்தச் சந்திப்பு வேறு மாதிரியும் முடிந்திருக்கலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமை ஸ்டீல்ஸ் வீதியில் நடந்தது இதுதான்.

திங்கட்கிழமை சுகந்தி பஸ் கம்பனிக்குப் போனாள். சாரதிப் பதிவில் ஏறும்வரை பொறு, யாரும் கேட்கமாட்டார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. மேலாளரான பெண்ணிடம் குற்றப்பத்திரத்தை வைத்து, பனி சறுக்கியதையும் தான் இறங்கி நடந்ததையும் நீலத்தொப்பிப் பிள்ளையையும் தன் அரைகுறை ஆங்கிலத்தில் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறாள். மேலாளர் முடிவு சொல்லச் சில நாட்கள் எடுத்தார். அந்தக் கிழமை முழுவதும் அவள் எங்கள் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை அழைப்பு வந்தது. இது ஒன்றுதான் என்றால் எடுக்கலாம், ஆனால் பயிற்சியை முதலிலிருந்து இன்னொரு தரம் செய்யவேண்டும் என்றார்கள். இப்போது அவள் ரூஜுக்கும் பிக்கரிங்குக்கும் இடையில் மஞ்சள் பஸ் ஓட்டுகிறாள். முதற்பிள்ளை ஏறுமுன் பஸ்ஸைச் சுற்றி நடந்து விளக்குகளையும் கண்ணாடிகளையும் அவள் துடைக்கும் விதத்தைப் பார்த்தால், நசீர் நானாவே தன் கதிரையிலிருந்து இறங்கிவிடுவார்.

கடந்த ஓகஸ்ட் பள்ளி விடுமுறையில் மூவரும் யாழ்ப்பாணம் போனோம். வாடகைக் கார் ஒன்றை ஒழுங்கு செய்திருந்தோம். இரவு முழுவதும் சோளகக் காற்று, கார் நின்றதோ வேம்பின் கீழே. காலையில் கூரை முழுவதும் சருகு. சாரதிப் பெடியன் எஞ்சினைக் கிளப்பிவிட்டான். சுகந்தி வீட்டுக்காரரின் தும்புத்தடியை எடுத்துவந்து கூரையைக் கூட்டத் தொடங்கினாள்.

"அக்கா, விடுங்கோ. ஓடேக்கை காத்துக்குத் தானாப் பறந்திடும்."

"அதுதான் தம்பி கரைச்சல். பின்னாலை மோட்டர் சைக்கிள்ளை வாறவன்ரை கண்ணுக்கை போகும்."

அவன் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "கனடா அக்கா" என்றான். அவள் கூரையை முடித்து, பொனற்றில் அவன் வைத்திருந்த சந்தனப் பொட்டை மட்டும் விட்டு, அதைச் சுற்றிக் கவனமாகக் கூட்டினாள்.

பழைய காவலரண் இருந்த வளைவால் போனோம். இப்போது அங்கே ஒன்றுமில்லை. பற்றைகள், அவற்றின் நடுவே துருப்பிடித்த ஒரு பீப்பாய். பெடியன் வேகத்தைக் குறைக்கவுமில்லை, அவனுக்கு அந்த இடம் எதுவென்றும் தெரியாது. நான் சுகந்தியைப் பார்த்தேன். இறங்கத் தயாராக, அவளுடைய வலக்கை கதவுப் பிடியைப் பற்றியிருந்தது. இடக்கை மடியில் கிடந்தது. அதன் விரல்களில் கூரையின் தூசி இன்னும் ஒட்டியிருந்தது.